‘விடு’ என்று எழுதியவள் நான்தான்

8 ஜூலை 2025, செவ்வாய்

தேக்கா சந்தையில் முருங்கைக்காய் வாங்கிக்கொண்டு திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. குடை இருந்தது. காற்று அதை மதிக்கவில்லை. டன்லப் ஸ்திரீட்டில் ஒரு பழைய கடைவீட்டு வாசலில் ஒதுங்கினேன். பக்கத்தில் மாடிப்படி. சுவரில் விண்கப்பல் படம் போட்ட தாள் ஒன்று. சனிக்கிழமைகளில் மேசைப் போர் விளையாட்டு, புதியவர்கள் வரலாம், எல்லா வயதினரும் வரலாம் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. சாரல் அடித்ததால் மேலே ஏறினேன். வேறு காரணம் இல்லை.

மேலே நீளமான மேசைகள். கறுப்புத் துணி விரித்து, அதில் வெள்ளைப் புள்ளிகளாக நட்சத்திரங்கள். கட்டைவிரல் அளவுக் கப்பல்கள் மெல்லிய காம்புகளின் மேல் பறப்பது போல நிற்கின்றன. கடைக்காரன் பெயர் அஃப்னான். முப்பது வயது இருக்கும். தமிழில்தான் பேசினான்.

"ஆன்ட்டி, பேரனுக்குக் கிஃப்ட் வாங்கப் போறீங்களா?"

எனக்குப் பேரன் கிடையாது. மகள் தாரணிக்குக் கல்யாணமே வேண்டாமாம்.

"எல்லா வயசும் வரலாம்னு கீழ ஒட்டியிருக்கியே. எனக்கு வயசு இல்லையா?"

"இருக்கு ஆன்ட்டி. நிறையவே இருக்கு லா."

அங்கிருந்தவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. "சனிக்கிழமை எத்தனை மணிக்கு?" என்று கேட்டேன்.

ஏன் கேட்டேன்? ரயிலில் புக்கிட் பாத்தோக் வந்து சேரும்வரை யோசித்தேன். சிரித்ததனால் கேட்டேன்.

9 ஜூலை, புதன்

எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழே இருக்கும் முதியோர் மையத்தில் கேரம் சத்தம். சமையலறை ஜன்னலைச் சாத்தினாலும் கேட்கிறது. மார்ச் மாதத்திலிருந்து சாத்துகிறேன்.

அந்த மாதம் ஒருநாள் அங்கே ஆடும்போது கடைசிக் காய் என்னுடையது. ஸ்டிரைக்கரை வைக்கக் கையை நீட்டினேன். மையத்தில் ஆட்டத்தைக் கவனித்துக்கொள்ளும் ரகுபதி எல்லார் முன்னாலும் சொன்னார்: "சந்திரமதி, கை காயைத் தள்ளிடுச்சு. இப்படி ஜெயிக்கணுமா?"

என் கை படவில்லை. படவே இல்லை. என் முழங்கையோடு முழங்கை ஒட்டி உட்கார்ந்திருந்தவள் மரியம்மாள். நான் பேருந்து ஓட்டிய காலத்தில் டிப்போ கேன்டீனில் இருந்தவள். என் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் கூட நின்றவள். அவள் பக்கம் திரும்பினேன். "சொல்லுடி, பட்டுச்சா?"

"நான் கவனிக்கலையே, சந்திரா."

அவ்வளவுதான். எழுந்து வந்துவிட்டேன். தப்பு இல்லாவிட்டால் ஏன் போகவேண்டும் என்று இப்போது பேசிக்கொள்கிறார்களாம். பேசட்டும்.

12 ஜூலை, சனி

போனேன். தாரணியிடம் கோயிலுக்கு என்றேன். பொய் இல்லை, வீரமாகாளியம்மனைக் கும்பிட்டுவிட்டுத்தான் மாடி ஏறினேன்.

ஆட்டம் இப்படி. ஆளுக்கு ஒரு தலைமைக் கப்பல், மூன்று சிறு கப்பல்கள். ஒவ்வொரு சிறு கப்பலுக்கும் ஓர் ஏவுகணை. ஒருமுறை போனால் போனதுதான். ஒவ்வொரு சுற்றிலும் எந்தக் கப்பல் எந்தப் பக்கம் திரும்பும், என்ன வேகம், ஏவுகணை உண்டா இல்லையா என்று இருவரும் துண்டுத்தாளில் மறைத்து எழுதவேண்டும். பிறகு இருவரும் ஒரே நேரத்தில் தாளைத் திருப்பவேண்டும். அதற்குமேல் மனம் மாறக் கூடாது. எழுதியதுதான் நடக்கும். அளக்க டேப், அடி விழுந்ததா என்று பார்க்கப் பகடை.

எழுதியதுதான் நடக்கும் – இது ஒன்று போதும் எனக்கு. கை பட்டது படவில்லை என்ற பேச்சுக்கே இடமில்லை. யாரும் எனக்காகச் சாட்சி சொல்ல வேண்டாம். எழுத்து சொல்லும்.

"சொல்லித் தரட்டா, ஆன்ட்டி?" என்றான் அஃப்னான்.

"ரூல் புத்தகம் இருக்குல்ல? அதைக் கொடு."

15 ஜூலை, செவ்வாய்

பள்ளியில் தொடக்கநிலை நான்கோடு என்னை நிறுத்திவிட்டார்கள். ஆங்கிலம் நானாகக் கற்றது. பேருந்து டெர்மினலில் பயணிகள் விட்டுப்போன செய்தித்தாள்களில் எழுத்துக்கூட்டிக் கற்றது. இந்தப் புத்தகமும் அப்படித்தான். ஒரு பக்கத்துக்கு ஒரு பொழுது.

தாரணி எட்டிப் பார்த்தாள். "மா, யூடியூப்ல பத்து நிமிஷ வீடியோ இருக்கு. எதுக்கு இந்தக் கஷ்டம்?"

"அதுல பேசறவன் அவசரத்துல பேசுவான். புத்தகம் என் அவசரத்துக்கு வரும்."

"ஸ்பேஸ்ஷிப்மா. சீரியஸாவா?"

பக்கத்தைத் திருப்பினேன். முக்கியமான விதி ஒன்று: இந்தக் கப்பல்கள் நிற்பதில்லை. ஒரு சுற்றில் என்ன வேகமோ அதுவே அடுத்த சுற்றுக்கும் கூட வரும். கொஞ்சம் கூட்டலாம், கொஞ்சம் குறைக்கலாம். சட்டென்று நிறுத்த முடியாது. வெட்டவெளியில் எதைப் பிடித்து நிற்பது?

19 ஜூலை, சனி

முதல் ஆட்டம். எதிரே ஒரு சீன இளைஞன், மரியாதையானவன். தோற்றேன். தோல்வி என்று சொல்லக்கூட முடியாது. அவன் என்னைச் சுடவே இல்லை. என் தலைமைக் கப்பல் தானாக மேசை விளிம்பைத் தாண்டிப் போய்விட்டது. திரும்பிவிடும் என்று நினைத்தேன். இத்தனை வருடம் இரட்டை மாடிப் பேருந்தைச் சந்துபொந்தில் திருப்பியவள் நான். அது உதவவில்லை, கெடுத்தது. கப்பல் விளிம்பை நெருங்கும்போது மேசைக்கு அடியில் என் வலது கால் தரையை அமுக்கிக்கொண்டிருந்ததாம். அஃப்னான் பார்த்துவிட்டான்.

"ஆன்ட்டி, பிரேக் போடறீங்களா?"

அடுத்த வாரமும் வருவேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

22 ஜூலை, செவ்வாய்

கடையில் வாங்கி வந்த என் கப்பல்கள் வெறும் சாம்பல் நிறம். மற்றவர்களுடையது வண்ணம். தாரணியின் மேசையில் நகச்சாயம் இருந்தது, நல்ல சிவப்பு. ஒரு சிறு கப்பலின் மூக்கில் பூசினேன். கொஞ்ச நேரத்தில் பிளாஸ்டிக் இளகிச் சுருங்கி, திராட்சை வற்றல் போல ஆகிவிட்டது. மற்ற கப்பல்களுக்குப் பூசாமல் விட்டதற்குக் காரணம் என் புத்தி இல்லை. அதற்குள் தாரணி வந்துவிட்டாள்.

"மா! என் நெயில் பாலிஷ்!"

"உன் நகம் எப்படி இன்னும் கரையாம இருக்கு?"

ரொம்ப நாளைக்குப் பிறகு இருவரும் சிரித்தோம். அந்தக் கப்பலுக்குச் சுருக்குமூக்கி என்று பெயர் வைத்தேன். படம் எடுத்து அனுப்பினேன், வேறு கப்பல் மாற்றிக்கொள்ளச் சொன்னான் அஃப்னான். மாட்டேன்.

26 ஜூலை, சனி

இன்றிலிருந்து கட்டளையைத் தமிழில் எழுதுகிறேன். ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்தால் மற்றவர்கள் மேலே பார்த்துப் பெருமூச்சு விடுகிறார்கள். விதியில் மொழி பற்றி ஒன்றும் இல்லை. அஃப்னானுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. பள்ளியில் மலாய் எடுத்தானாம். "எழுதுங்க ஆன்ட்டி. உங்களை நம்பறோம்" என்றான். நம்பு என்று நான் கேட்கவில்லை.

அதே சீன இளைஞனோடு ஆட்டம். ஒரு தாளில் அவன் எழுதியது இடமா வலமா என்று தெரியவில்லை. கிறுக்கல். இடம் என்றான். நான் புத்தகத்தைத் திறந்து விதியைக் காட்டினேன்: கட்டளை தெளிவாக இல்லாவிட்டால் கப்பல் ஒன்றும் செய்யாமல் நேரே போகவேண்டும். அவன் முகம் சிவந்தது. ஆனால் ஒத்துக்கொண்டான். நான் ஜெயித்தேன். முதல் வெற்றி.

"ஆன்ட்டி ரொம்ப ஸ்டிரிக்ட் லா" என்றான் அஃப்னான்.

விதி என்றால் விதி.

2 ஆகஸ்ட், சனி

புதிதாக ஒருவன், சுரேந்தர். திருச்சிப் பக்கம். கப்பல் பட்டறையில் பொறியாளர். பூன் லேயில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறான். நாள் முழுக்க நிஜக் கப்பல், சனிக்கிழமை பொம்மைக் கப்பல். முதலில் மேடம் என்றான். "மேடம் யாரு? நான் என்ன ஆபீசரா?" என்றேன். அம்மா என்று மாற்றிக்கொண்டான்.

நன்றாக ஆடுகிறான். ஆனால் பயம் வந்தால் இடப்பக்கம் திரும்புகிறான். ஒவ்வொரு முறையும். அவனுக்கே தெரியாது போலிருக்கிறது.

5 ஆகஸ்ட், செவ்வாய்

மரியம்மாள் போன் செய்தாள். எடுக்கவில்லை.

9 ஆகஸ்ட், சனி

தேசிய நாள். கடை மூடியிருக்கிறது. வானத்தில் விமானங்கள் உறுமிக்கொண்டு போயின. சாப்பாட்டு மேசையில் கப்பல்களை வைத்துத் தனியாக ஆடிப்பார்த்தேன். இரண்டு பக்கமும் நானே எழுதினால் எப்படித் தோற்பது?

16 ஆகஸ்ட், சனி

முகம்கூடக் கழுவவில்லை. எழுதிவிடுகிறேன்.

சுரேந்தரோடு ஆட்டம். ஐந்தாவது சுற்று. இரண்டு வாரமாக நான் காத்திருந்தது அந்தச் சுற்றுக்குத்தான். அவனுடைய தலைமைக் கப்பலை நெருக்கிவிட்டேன், பயந்துவிட்டான், இடப்பக்கம் திரும்புவான் என்று எனக்குத் தெரியும். அவன் வந்து சேரப்போகும் இடத்துக்கு நேரே சுருக்குமூக்கி. எழுதினேன்: நேரே, விடு.

தாளைத் திருப்பினோம். இடப்பக்கம் திரும்பியிருந்தான். சுருக்குமூக்கியின் வாய்க்கு முன்னால் அவன் கப்பல். பகடையை எடுத்துவிட்டேன்.

"அம்மா, ஒரு நிமிஷம். இதுல 'நேரே, விடு'ன்னு இருக்கு."

"ஆமா. ஏவுகணையை விடு."

"சரிங்கம்மா. ஆனா மூணாவது சுத்துல அந்த நடுக் கப்பலுக்கும் 'விடு'ன்னுதான் எழுதியிருந்தீங்க. அது ஒண்ணுமே பண்ணலையே. கேட்டதுக்கு, இதை ஏவலை, சும்மா விட்டுட்டேன்னு சொன்னீங்க."

அந்தத் தாளை எடுத்து இதன் பக்கத்தில் வைத்தான். என் கையெழுத்துதான். அதே விடு.

"அங்க எதிர்ல ஒண்ணுமில்ல, அதனால அதை விடு. இங்க எதிர்ல உன் கப்பல் நிக்குது, அதனால அதை விடு. தமிழ்நாட்டுக்காரன்தானே நீ? இதுகூடவா புரியாது?"

"புரியுதுங்கம்மா. ஆனா நீங்க எழுதும்போது என் கப்பல் அங்க நிக்கலையே. தாளைத் திருப்புன பிறகுதானே வந்துச்சு."

மேசையைச் சுற்றி எல்லாரும் வந்து நின்றார்கள். சுரேந்தர் அவர்களுக்கு ஆங்கிலத்தில் விளக்கினான். ஒரே சொல், இரண்டு அர்த்தம், ஒன்றுக்கொன்று எதிர். அதற்குமேல் அவன் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. முதலில் எழுதி வைத்துவிட்டு, பிறகு கப்பல் எங்கே வருகிறது என்று பார்த்து, தேவையான அர்த்தத்தை எடுத்துக்கொள்ளலாம். யாருக்குத்தான் தோன்றாது?

"நான் ஏமாத்துறேன்னு சொல்றியா?"

"சொல்லலைங்கம்மா."

"அப்ப ஏவுனேன்னு ஒத்துக்கோ."

"அதையும் எப்படிங்கம்மா சொல்றது? நீங்க என்ன நெனச்சு எழுதுனீங்கன்னு எனக்குத் தெரியாதே."

தெரியாதாம்! அந்த இடத்தில் தமிழ் படிக்கத் தெரிந்தவன் அவன் ஒருத்தன். எதிராளியும் அவன், சாட்சியும் அவன். அவனுக்குத் தெரியாதாம். மரியம்மாள் கவனிக்கலையாம். எல்லாரும் ஒரே இடத்தில் பாடம் படித்துவிட்டு வருகிறார்களா?

அஃப்னான் புத்தகத்தைத் திறந்தான். எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியும். "ஆன்ட்டி… தெளிவா இல்லைன்னா கப்பல் ஒண்ணும் செய்யாது. நேரே போகும். நீங்கதானே அன்னைக்குக் காட்டுனீங்க." அந்தச் சீன இளைஞன் பின்னால் நின்றுகொண்டு மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கைப்பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். கப்பல்கள் அங்கேயே கிடக்கின்றன. கிடக்கட்டும்.

17 ஆகஸ்ட், ஞாயிறு

ஏவத்தான் எழுதினேன். ஏவத்தான். ஏவத்தான்.

18 ஆகஸ்ட், திங்கள்

சாப்பிடும்போது தாரணி கேட்டுவிட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன்.

"மா, ஜஸ்ட் எ கேம் லா. விடுங்கமா."

"எந்த விடு?"

"என்னது?"

"ஏவுறதா, சும்மா இருக்கறதா? தெளிவாச் சொல்லு."

தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். கதவுக்குப் பின்னால் சிரித்தாளா அழுதாளா தெரியவில்லை. எனக்கு எதுவும் சிரிப்பாக இல்லை. மையத்தில் ஒன்று, கடையில் ஒன்று. ஒருத்தி இரண்டு இடத்தில் மாட்டினால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? அவள் பழக்கமே அப்படி என்றுதானே?

எழுத்து சொல்லும் என்று நம்பினேன். என் எழுத்தே என்னைக் கைவிட்டது. இதை யாரிடம் முறையிடுவது?

20 ஆகஸ்ட், புதன்

சாயங்காலம் மரியம்மாள் வீட்டு இரும்புக் கேட்டுக்கு வெளியே வந்து நின்றாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்; முழங்கால் வலி அவளுக்கு. நான் கேட்டைத் திறக்கவில்லை.

"போன் எடுக்க மாட்டியா? செத்துக்கித்துப் போயிட்டியான்னு பார்க்க வந்தேன்."

"பார்த்துட்டியா? இதையாவது கவனிச்சியா?"

"சந்திரா, நான் அன்னைக்கு முறுக்குப் பாக்கெட்டைப் பிரிச்சுட்டிருந்தேன். பல்லால கடிச்சு. அந்த நேரம் பாத்து ரகுபதி கத்துறார். நான் என்னத்தைக் கண்டேன்?"

"படலைன்னு சொல்லியிருக்கலாம்ல?"

"பாக்காததைப் பாத்தேன்னா?"

"தோழின்னா சொல்லணும்."

"நீ ஒருத்தி. பொய் சொன்னா ஒரு வாரம் திட்டுவே. பொய் சொல்லாததுக்கு அஞ்சு மாசம் திட்டறே." மூச்சு வாங்கினாள். "நீ தள்ளலைன்னு நான் நம்பறேன்டி. அது வேற. ஆனா நான் பாக்கலை."

நம்புகிறாளாம். அதை அன்று எல்லார் முன்னாலும் சொல்லியிருந்தால் என்ன? ஏன் வாயில் வரவில்லை? கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. உள்கதவைச் சாத்தினேன். லிஃப்ட்வரை அவள் கால் இழுத்து நடக்கும் சத்தம் கேட்டது.

23 ஆகஸ்ட், சனி

போகவில்லை. துணி மடித்தேன். அஃப்னான் செய்தி அனுப்பியிருந்தான்: மேசையைப் படம் எடுத்து வைத்திருக்கிறானாம், எந்தக் கப்பல் எங்கே என்று. எப்போது வந்தாலும் அப்படியே அடுக்கித் தருவானாம். பதில் போடவில்லை.

24 ஆகஸ்ட், ஞாயிறு

மையத்திலிருந்து எழுந்து வந்தேன். குற்றம் ஒட்டிக்கொண்டது. கடையிலிருந்தும் எழுந்து வந்தேன். அதுவும் ஒட்டிக்கொள்ளும். ரகுபதி கத்தியபோது நான் உட்கார்ந்தே இருந்திருந்தால்? கடைசிக் காயை அடித்திருந்தால்? விழுந்திருக்கலாம், விழாமல் இருந்திருக்கலாம். ஆனால் போய்விட்டாள் என்று யாரும் சொல்லியிருக்க முடியாது.

சுரேந்தர் மேல் கோபம் தீரவில்லை. தீரவேண்டும் என்று யாரும் சொல்லவில்லையே. கோபத்தோடு போகக் கூடாது என்று எந்த விதியில் இருக்கிறது?

30 ஆகஸ்ட், சனி

போனேன்.

மாடிப்படியில் பாதியில் நின்றுவிட்டேன். மேலே சிரிப்புச் சத்தம். என்னைப் பற்றித்தானா? திரும்பிவிடலாம் என்று ஒரு கணம். ஏறிவிட்டேன். என்னைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. சுரேந்தர் எழுந்து நின்றான், ஏதோ ஆசிரியர் வந்துவிட்டது போல.

"உக்காரு. ஆட்டத்தை முடிக்கணும்."

அஃப்னான் ஓடிப்போய்ப் போனைப் பார்த்துப் பார்த்துக் கப்பல்களை அடுக்கினான். சுருக்குமூக்கியும் இடத்துக்கு வந்தது.

"விதிப்படி சுருக்குமூக்கி ஒண்ணும் செய்யலை. நேரே போகுது. ஒத்துக்கறேன்" என்றேன். "ஆனா நான் ஏவத்தான் எழுதுனேன். அதையும் கேட்டுக்கோ. ரெண்டுல ஒண்ணைக்கூட நான் விட்டுத்தர மாட்டேன்."

அவன் டேப்பைக் கீழே வைத்தான். "எனக்கு இன்னும் தெரியலைங்கம்மா. பொய் சொல்லத் தோணலை. ஆனா ரெண்டும் இருக்கட்டும்."

"இருக்கட்டும்."

அவன் வேண்டுமானால், ஆமாம் அம்மா, நம்புகிறேன் என்று சொல்லியிருக்கலாம். ஒரு கிழவியைச் சமாதானப்படுத்த எவ்வளவு நேரம் ஆகும்? சொல்லவில்லை. அந்தச் சொல் வந்திருந்தால் நான் இன்னொரு முறை எழுந்து வந்திருப்பேன் என்று இப்போது தோன்றுகிறது.

சுருக்குமூக்கி நேரே போனது. அவன் தலைமைக் கப்பல் அதைச் சுட்டு வீழ்த்தியது. தோற்றேன். யாரும் என்னைத் தேற்றவில்லை. அடுத்த ஆட்டத்துக்கு அவனே தாளில் தமிழில் தலைப்புப் போட்டுக் கொடுத்தான்: ஒரு பக்கம் 'ஏவு', ஒரு பக்கம் 'சும்மா'. "அம்மா, இனிமே இது ரெண்டுதான்."

"சும்மாவுக்கும் ரெண்டு அர்த்தம் உண்டு" என்றேன்.

"ஐயோ, அம்மா!"

எல்லாரும் சிரித்தார்கள். நானும். அன்று புதிதாக ஒரு பெண் வந்திருந்தாள், அமலா, ஆஸ்பத்திரித் தாதி. சேர்ந்திருப்பவர்களில் நாங்கள் இருவர்தான் பெண்கள். என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள். எனக்குப் பிடித்திருந்தது.

6 செப்டம்பர், சனி

அமலாவுக்கும் அந்தச் சீன இளைஞனுக்கும் ஆட்டம். நான் அவர்கள் மேசையோரம் கோப்பியோடு நின்றேன். அவன் டேப்பை எடுக்கக் குனிந்தான். பிறகு அளந்தால், அமலாவின் தலைமைக் கப்பல் அவனுடைய சுடும் தூரத்துக்குள் ஒரு விரற்கடை வந்திருக்கிறது.

"உங்க ஸ்லீவ் பட்டு நகர்ந்துடுச்சு" என்றாள் அமலா ஆங்கிலத்தில்.

இல்லை என்றான்.

அவள் என் பக்கம் திரும்பினாள். "ஆன்ட்டி, நீங்க இங்கதானே நின்னுட்டிருந்தீங்க. பட்டுச்சுல்ல?"

நான் அங்கேதான் நின்றேன். ஆனால் கோப்பியில் பாலாடை மிதந்தது. அதை விரலால் ஒதுக்கிக்கொண்டிருந்தேன். அமலா பொய் சொல்லுகிறவள் இல்லை. அவள் சொல்வதை நம்பினேன். பட்டது என்று சொல்ல வாய் திறந்துவிட்டது. திறந்த வாயை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நிற்பது?

"நான் பாக்கலம்மா" என்றேன். "கோப்பியைப் பாத்துட்டிருந்தேன்."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அஃப்னான் வந்து, தகராறு தீரப் பகடை உருட்டச் சொன்னான்; அமலா பக்கம் விழுந்தது. கப்பல் பழைய இடத்துக்கே போனது. அதில் அவளுக்குத்தான் லாபம். ஆனாலும் கிளம்பும்வரை என்னிடம் பேசவில்லை. ரயில் நிலையம்வரை தனியாக முன்னால் நடந்து போனாள்.

அவளை நம்பறேன்னு சொல்லியிருக்கலாமே. அது பொய் இல்லையே. ஏன் வரவில்லை? எல்லாரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் அது வரவில்லை. வரவே இல்லை.

7 செப்டம்பர், ஞாயிறு

அமலாவுக்குச் செய்தி அனுப்பினேன்: நேற்று நான் பார்க்கவில்லை. ஆனால் உன்னை நம்புகிறேன். இரண்டு நீலக் குறி விழுந்தது. பதில் இல்லை. வரட்டும், வராமல் போகட்டும்.

9 செப்டம்பர், செவ்வாய்

காலையில் புக்கிட் பாத்தோக் சந்தை. மீன் கடையில் மரியம்மாள் நின்றாள், ஒரு காலில் பாரம் போட்டுக்கொண்டு. கடைக்காரன் வேறு யாருக்கோ வெட்டிக்கொண்டிருந்தான். போய் அவள் பக்கத்தில் நின்றேன். இருவரும் ஐஸ்கட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"வௌவால் மீன் புதுசா?" என்று கேட்டேன்.

"தெரியாது" என்றாள். திரும்பிப் பார்க்கவில்லை. "தொட்டுப் பாரு."

தொட்டுப் பார்த்தேன். புதுசுதான். பெரிய மீன். ஆளுக்குப் பாதியாக வெட்டித் தரச் சொன்னோம்.